நாலாம் மாடி வானொலி

இவாகிரி சுமாகோவுக்கு அந்த வருஷம் நாற்பத்தேழு வயது. கார் ரேடியோவுக்குள் போகும் தகடுகளில் ஈயம் வைக்கிற தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் குனிந்து உட்கார்ந்ததில் இடது கண் சற்றே சுருங்கிவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அவள் எதையோ சந்தேகப்படுகிறாள் என்று தோன்றும். அவள் மனிதர்களைச் சந்தேகப்பட்டதே இல்லை. ஈய ஒட்டுகளைத்தான் சந்தேகப்பட்டாள்.

சைதாமாவில் ஹினோகுச்சி குடியிருப்பின் ஆறாம் கட்டடத்தில், நாலாவது மாடியில் அவளும் கணவன் மோரியோவும் இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்குச் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு, மைக்கை ஒரு சோற்றுக் கிண்ணத்தில் நிறுத்தி, "வணக்கம், இது நாலாம் மாடி வானொலி" என்று ஆரம்பிப்பாள். ரொட்டி வண்டி ஓட்டும் மோரியோவுக்கு வாரத்தில் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். அவன் பக்கத்து அறையில் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடப்பான். எந்தக் கிழமை எந்தக் குப்பை, யார் வீட்டுப் பூனை காணவில்லை, தோஃபு வண்டி இந்த வாரம் ஏன் வரவில்லை, நடுநடுவே நாலு பழைய பாட்டு. பதினொரு மணிக்கு முடிந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக இதுதான்.

ஒலிபரப்புக் கருவி ஒரு தேயிலை டப்பாவுக்குள் இருந்தது, அவளே கோத்தது. தெருவுக்குத் தெரு இளவட்டங்கள் இப்படி ஒரு குட்டி வானொலி வைத்துக்கொண்டு பேசித் தீர்த்த காலத்தில் அவளும் ஆரம்பித்தாள். அவர்களுக்கு அலுத்துப்போயிற்று, விட்டுவிட்டார்கள். இவளுக்கு அலுக்கவில்லை. உரிமம் கிடையாது, தேவையும் இல்லை. அலை இவ்வளவுக்கு மேல் பலமாக இருக்கக் கூடாது என்று சட்டம் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே யார் வேண்டுமானாலும் பேசலாம், யாரையும் கேட்க வேண்டாம். அந்த 'யாரையும் கேட்க வேண்டாம்' என்பதில்தான் சுமாகோவுக்கு ருசி. தொழிற்சாலையில் கழிவறைக்குப் போவதென்றாலும் சீட்டில் நேரம் எழுதிவிட்டுப் போகிறவள் அவள்.

அந்தக் கோட்டை எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் வினை வந்தது. பழைய விதிப்படி நூறு மீட்டர் தள்ளி நின்று அளக்க வேண்டும். நடுவே இரண்டு கான்கிரீட் கட்டடம் இருந்தால் அவை தின்றது போக மிச்சம்தான் கணக்கு. புதிய விதியில் மூன்று மீட்டரிலேயே அளந்துவிட வேண்டும். பழைய கருவிகளுக்குப் பத்து வருஷ அவகாசம் விட்டிருந்தார்கள். அது அந்த மே மாதத்தோடு முடிகிறது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம், தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருக்கும் உஷிதா, மேலாளரிடம் சொல்லிவிட்டு அளவுமானியை எடுத்துவந்தான். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மர முக்காலியைப் போட்டு, அதன்மேல் டப்பாவையும் ஆன்டெனாக் கம்பியையும் வைத்து, நாடா பிடித்து மூன்று மீட்டர் அளந்தார்கள். உஷிதா முள்ளைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"இவாகிரி சான், ரொம்ப நல்லா இருக்கு."

"என்ன நல்லா இருக்கு?"

"உங்க சிக்னல். கோட்டுக்கு மேல ஒம்பது மடங்கு."

சுமாகோவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்போ இத்தனை வருஷமா திருட்டு ரேடியோவா நடத்திட்டிருந்தேன்?"

"பழைய அளவுல இல்ல. சுவரு உங்களைக் காப்பாத்திச்சு. இனிமே காப்பாத்தாது."

மாலையில் மோரியோ கேட்டுவிட்டுச் சிரித்தான். "பன்னெண்டு வருஷமா ஒரு குற்றவாளிகூடவா குடும்பம் நடத்தினேன்? ரொட்டிக் கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னை வண்டியிலருந்து இறக்கிடுவான்." அவள் சிரிக்கவில்லை. டப்பாவின் மூடியைக் கழற்றி, அலைக்குப் பலம் கூட்டவென்று தான் ஆசையாகச் சேர்த்த கடைசி டிரான்சிஸ்டரைப் பிடுங்கினாள்.

அதன்பிறகு வந்த வாரங்களைச் சுமாகோ பிற்பாடு நினைக்கவே விரும்பியதில்லை. கருவியின் உயிர் ஒரு சின்னச் செம்புக் கம்பிச் சுருள். அதன் வளையங்களை ஒரு மயிரிழை விலக்கினால் அலைவரிசை ஒரு பக்கம் ஓடும், நெருக்கினால் மறுபக்கம் ஓடும். இரும்புத் திருப்புளி பக்கத்தில் போனாலே அது பதறும். அதனால் கோழித்துண்டு சுட்டுத் தின்னும் மூங்கில் குச்சியால் தள்ளித் தள்ளிச் சரிசெய்வாள். சரியாகிவிட்டது என்று கையை எடுத்தால், கை போனதற்காகவே மறுபடி நகர்ந்துவிடும். பால்கனியில் வெயில் ஏறினால் நகரும். மழையில் நகரும். மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிச் சுருளை உறையவைத்தாள்; மெழுகின் சூட்டிலேயே ஒருமுறை நகர்ந்து, அந்த இடத்தில் உறைந்துகொண்டது.

ஒருவழியாக உஷிதாவின் முள் கோட்டுக்குக் கீழே வந்த பிறகு, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வழக்கமாகக் கேட்கிறவர்களிடம் முன்பே சொல்லிவைத்தாள்: கேட்டால் பால்கனியில் ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள். அவள் மைக்கில் பேசப் பேச, தோழி தோமியே வெளியே நின்று எண்ணினாள். எட்டாம் கட்டடத்தில் குடியிருக்கும் தோமியேதான் நிகழ்ச்சியில் பாதி நேரம் பேசுகிறவள். வாய்க்கு வஞ்சனை செய்யாதவள். ஆறாம் கட்டடத்தில் ஏழு துண்டு, ஏழாம் கட்டடத்தில் மூன்று, எட்டில் ஒன்று. வெயில் நாள் என்பதால் எல்லா வீட்டிலும் மெத்தைகளைக் காயப்போட்டிருந்தார்கள். தோமியே ஒரு போர்வையைத் துண்டென்று நினைத்து எண்ணிச் சண்டையும் வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் கட்டடத்தில் ஒன்றுமே இல்லை.

"ஒம்பதாவதுல நேஸு சான் வீடு?" என்றாள் சுமாகோ.

"இல்ல."

"மூணாவது மாடி, இடது கோடி. சரியாப் பாத்தியா?"

"என் கண்ணு உன் கண்ணு மாதிரி சுருங்கிப் போகலடி. இல்லைன்னா இல்ல."

நேஸு முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்திலிருந்து ஹினோகுச்சிக்குப் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. அவர் மனைவி கிகுயோ ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோள் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பத்தரைக்குச் சுமாகோ அந்த வழித்தடத்தின் பதினாலு நிறுத்தங்களையும் வரிசையாகச் சொல்வாள். "அடுத்து, பழைய தபால் நிலையம். அடுத்து, வாத்துக் குளம். அடுத்து, இரண்டாம் பாலம்." ஒவ்வொரு பெயருக்கும் நேஸு இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாராம். வேறு எதற்கும் அவர் அப்படித் தட்டுவதில்லையாம்.

துண்டு எண்ணிய மறுவாரம் கிகுயோ வேகவைத்த மூங்கில் குருத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். "சும்மா 'உஸ்ஸ்'னுதான் வருது. பரவாயில்ல, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. இவ்வளவு நாள் செஞ்சதே பெரிசு." இரண்டு தரம் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் சுமாகோவுக்கு மூங்கில் குருத்து தொண்டையில் இறங்கியிருக்கும்.

நிறுத்தங்களைக் கேசட்டில் பதிந்து கொடுத்துப் பார்த்தாள். அது அடுத்த நாளே திரும்பி வந்தது. கிகுயோ செவ்வாய்க்கிழமை மாலை போட்டிருக்கிறாள். நேஸு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓடாத பேருந்துக்கு நிறுத்தம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் தோமியே. "அந்தப் பழைய டிரான்சிஸ்டர எடுத்து மறுபடி வை. ஒம்பது மடங்கு, பத்து மடங்கு, வந்து அளக்கப் போறது யாரு? வானத்துல போற அலைக்கு யாரு சீட்டு கிழிக்கிறா?"

"மாட்டேன்."

"ஏன், ஜெயிலுக்குப் பயமா?"

"பயமில்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் யாரோ கதவத் தட்டப் போறாங்களோன்னு நெனச்சுக்கிட்டே பேசணும். அப்படிப் பேசறதுக்குத் தொழிற்சாலையே போதும் எனக்கு."

கோட்டுக்குள்ளேயே நின்றபடி என்ன செய்ய முடியுமோ அதையெல்லாம் செய்து பார்த்தாள். கம்பியைச் சன்னலில் கட்டினாள், துணி காயும் மூங்கிலில் கட்டினாள், கடைசியில் பால்கனி விளிம்பில் ஒரு கட்டையை நிறுத்தி, இரும்புக் கைப்பிடிக்கு ஒரு முழம் மேலே வரும்படி கட்டினாள். அங்கே கொஞ்சம் தேவலை. பழைய அலைவரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிலையம் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. அதன் இரைச்சலில் இவள் குரல் கரைந்துபோயிற்று. எனவே காலியாகக் கிடந்த எண்பத்தைந்து புள்ளி ஆறுக்கு மாறினாள். அன்றைக்கு எட்டாம் கட்டடத்தில் நாலு துண்டு தொங்கியது. சுமாகோ பல வாரத்துக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள்.

அந்தச் சந்தோஷம் அடுத்த ஞாயிறு வரைக்கும்தான். நிகழ்ச்சியின் நடுவே கதவு படபடவென்று தட்டப்பட்டது. குடியிருப்போர் சங்கத்தின் புதிய தலைவர் கதகுரா நின்றார். ரயில்வே அலுவலகத்தில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கும். எதிரே ஏழாம் கட்டடத்தின் மேல்மாடியில் வீடு.

"இவாகிரி சான், காலை பத்து மணி ஒரு நிமிஷத்துலருந்து என் டிவியில நாலாவது சேனல் வரி வரியா ஓடுது. பத்து இருபதுல நீங்க பாட்டுப் போட்டப்ப வரி கூட ஆடிச்சு. குறிச்சு வெச்சிருக்கேன்."

"என் ரேடியோ ரொம்பச் சின்னது, தலைவரே. அது உங்க டிவியை..."

"பேஸ்பால் ஆட்டத்துல கடைசி, ஒம்பதாவது இன்னிங்ஸ். பந்து எங்க போச்சுன்னே தெரியல. வரிதான் தெரிஞ்சுது."

அவர் போன பிறகு சுமாகோ காகிதத்தில் கணக்குப் போட்டாள். எண்பத்தைந்து புள்ளி ஆறை இரட்டித்தால் நூற்றெழுபத்தொன்று புள்ளி இரண்டு. நாலாவது சேனலின் படம் வருகிற இடம் அதுவேதான். எந்தக் கருவியும் தன் அலையோடு அதன் இரட்டிப்பையும் கொஞ்சம் கசியவிடும்; பலவீனமான கசிவுதான், ஆனால் பொது ஆன்டெனாவை நம்பாமல் டிவி தலையில் இரண்டு கொம்பு வைத்துக்கொண்டிருக்கும் கதகுரா வீட்டுக்கு அது போதும். பத்தொன்பது வருஷம் ஈயம் வைத்தவள் இதை முன்பே பார்த்திருக்க வேண்டாமா? கிழவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். மோரியோ எழுந்து வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனான்.

அலைவரிசையை மாற்றினாள். கசிவை அடைக்க இரண்டு சுருளும் மூன்று மின்தேக்கியும் கோத்து டப்பாவின் வாயில் ஒரு வடிகட்டி வைத்தாள். வடிகட்டி கசிவையும் தின்றது, கூடவே நல்ல அலையிலும் ஒரு வாய் கடித்தது. எட்டாம் கட்டடத்தில் நாலாக இருந்த துண்டு மறுபடி ஒன்றாயிற்று. அந்த ஒன்று தோமியே வீட்டுடையது.

அப்போதுதான் தோமியே வீட்டையே பாலமாக்கலாம் என்று தோன்றியது. அவள் சமையலறையில் ஒரு ரேடியோ இவள் குரலைப் பிடிக்கும். அதன் காதுக்கருவித் துளையிலிருந்து ஒரு ஒயர் இன்னொரு குட்டி டப்பாவுக்குப் போகும். அந்த டப்பா வேறொரு அலைவரிசையில் ஒன்பதாம் கட்டடத்துக்குத் திருப்பி அனுப்பும். இரண்டு டப்பாவுமே தனித்தனியாகக் கோட்டுக்குக் கீழே. உஷிதா இரண்டையும் அளந்து, தேதி போட்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்.

மே கடைசி ஞாயிறு. பாதி நிகழ்ச்சியைத் தோமியே தன் வீட்டிலிருந்தே பேசுவதாக ஏற்பாடு. அவளுடைய டப்பாவில் ஒரு சுவிட்ச்: மேலே தள்ளினால் மைக், கீழே தள்ளினால் ரேடியோ. பத்தரைக்கு நிறுத்தங்கள் வாசிக்கப்பட்டன. கிகுயோ தொலைபேசியில் கூப்பிட்டு, "தட்டறாரு, தட்டறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சுமாகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு தோமியே பத்து நிமிஷம் பேசி முடித்தாள், சுவிட்சைக் கீழே தள்ள மறந்துபோனாள்.

ஒன்பதாம் கட்டடத்து வீடுகளில் பாட்டு வரவில்லை. தோமியேயும் அவள் கணவனும் வந்தார்கள்.

"மீனத் திருப்பிப் போடுங்க, கருகுது. அந்தத் தலைவரு மூஞ்சி மாதிரி ஆயிடப் போகுது."

"எந்தத் தலைவரு?"

"வேற எந்தத் தலைவரு, கதகுராதான். காஞ்ச நெத்திலி. உப்புல ஊறி வெயில்ல கெடந்த நெத்திலி. அதுக்கு நோட்டுப் புத்தகம் வேற."

"சத்தமாப் பேசாத, யாராவது கேக்கப் போறாங்க."

"இங்க யாரு கேக்கறா?"

கதகுரா கேட்டார். எங்கெங்கே அலை கசிகிறது என்று சோதிக்கக் கையடக்க ரேடியோ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஒன்பதாம் கட்டடத்தின் சைக்கிள் கொட்டகைப் பக்கம் அவர் நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். கதகுரா எழுந்து நின்று நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"பத்து நாற்பத்திரண்டு. 'காஞ்ச நெத்திலி.' அதே நிமிஷம், 'உப்புல ஊறி வெயில்ல கெடந்த நெத்திலி.' பத்து நாற்பத்து மூணு..."

பின்வரிசையில் யாரோ இருமுவது போலச் சிரிக்க, அது கூடம் முழுக்கப் பரவிவிட்டது. சுமாகோவுக்கும் உதடு துடித்தது. கன்னத்தின் உட்சதையைக் கடித்துக்கொண்டாள். தோமியே நெற்றி தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவள் கணவன் அன்றைக்கே அந்த டப்பாவைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். "இவ வாயே எங்களுக்குப் போதும். அதுக்கு ஆன்டெனா வேற வேண்டாம்."

கூட்டத்தில் சுமாகோ உஷிதாவின் காகிதங்களை நீட்டினாள். கதகுரா கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் படித்தார். "இது சட்டப்படி சரி" என்றார் கடைசியில். சுமாகோ மூச்சுவிட்டாள். "ஆனா பால்கனிக் கைப்பிடி குடியிருப்புக்குப் பொது. அதுல எதையும் கட்டக் கூடாது. பதினெட்டாவது விதி. கம்பி வீட்டுக்குள்ளதான் இருக்கணும்."

கம்பி வீட்டுக்குள் போயிற்று. அதன்பிறகு துண்டு எண்ணத் தோமியே தேவைப்படவில்லை. சுமாகோவே சன்னலில் நின்று ஒரு பார்வையில் எண்ணிவிட்டாள். ஆறில் ஐந்து, ஏழில் ஒன்று. நேர் எதிரே, மேல்மாடியில் வெளுத்த நீலத் துண்டு. கேட்டால் தொங்கவிட வேண்டும் என்ற விதியை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கதகுரா விதியைக் கடைப்பிடித்திருக்கிறார்.

இரண்டு வாரம் அவள் வேறு வழி தேடினாள். ஏழிலும் எட்டிலும் மற்ற வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல, ஆனா தலைவரு என்ன சொல்வாரோ" என்று ஒரே பாட்டை எல்லோரும் பாடினார்கள். இவள் அலை எட்டுகிற வீடுகளில், அடுக்களைச் சன்னல் ஒன்பதாம் கட்டடத்தைப் பார்த்து இருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது யாருடையது என்று தெரிந்தபோது சுமாகோ மூங்கில் குச்சியை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டாள். எரியும் குப்பையிலா எரியாத குப்பையிலா என்றுகூடப் பார்க்கவில்லை.

யாரையும் கேட்க வேண்டாம் என்பதற்காகவே வானொலி நடத்தியவள் ஒரு பெட்டி அரிசி அப்பளத்தோடு படியேறினாள்.

கதகுரா வாசலிலேயே முழுவதையும் கேட்டார். நேஸுவைப் பற்றிச் சொன்னபோது, "நூத்தி நாலாம் தடம். எப்பவும் ரெண்டு நிமிஷம் தாமதம்" என்றார். பிறகு உள்ளே போய்ச் சன்னலின் அகலத்தை அளந்துகொண்டு வந்தார்.

"டப்பாவை வெக்கலாம். ஒரு நிபந்தனை. வாராவாரம் பதினஞ்சு நிமிஷம் நான் பேசணும்."

"என்ன பேசப் போறீங்க?"

"சங்கத்தோட அறிவிப்பு. சுத்தறிக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் போகுது. எல்லாரும் முத்திரைய வெச்சு அடுத்த வீட்டுக்குத் தள்ளிடறாங்க. ஒருத்தரும் படிக்கறதில்ல. போன மாசம் நடுவுல 'இதைப் படிக்கிறவர் எனக்குச் சொல்லவும்'னு ஒரு வரி சேத்தேன். ஒருத்தர்கூட வந்து சொல்லல."

சுமாகோ வீட்டிலும் முத்திரைதான் வைத்துத் தள்ளினார்கள்.

"அஞ்சு நிமிஷம்" என்றாள்.

"பன்னெண்டு."

"தலைவரே, மொத்தமே ஒரு மணி நேரம்தான். ஏழு நிமிஷம். அதுக்கு மேல யாரும் நிக்க மாட்டாங்க."

"ஏழு" என்று எழுதிக்கொண்டார். "பாட்டு வேண்டாம். என் பேச்சுக்கு முன்னாலயும் பின்னாலயும்."

ஜூலை முதல் ஞாயிறு பத்து பதினைந்துக்குக் கதகுராவின் முறை வந்தது. அவர் வீட்டு டப்பாவில் சுவிட்ச் அவர் கையில் இருந்தது; மேலே தள்ளினால் ஒன்பதாம் கட்டடம் அவருக்குச் சொந்தம். சுமாகோ தன் வீட்டில் இன்னொரு ரேடியோவை அந்த அலைவரிசையில் வைத்து, காதைக் கிட்டே கொடுத்துக் கேட்டாள்.

"எரியும் குப்பை, செவ்வாய், வெள்ளி. காலை எட்டு மணிக்குள். எட்டு மணி என்றால் எட்டு மணி. சென்ற மாதம் எட்டு ஏழுக்கு ஒருவர், எட்டு பதினொன்றுக்கு இருவர். பெயர் சொல்லவில்லை. கட்டடம், ஒன்பது."

ஏழு நிமிஷம் ஆயிற்று. ஒன்பதாயிற்று. சுமாகோ தொலைபேசியில் கூப்பிட்டாள். மணி அடிக்கிற சத்தம் அவர் மைக் வழியாக ஒலிபரப்பாயிற்றே தவிர அவர் எடுக்கவில்லை. ஒன்பதாம் கட்டடத்தின் பால்கனி ஒன்றிலிருந்து, "போதும்யா, பாட்டப் போடு!" என்று ஒரு கத்தல் வந்தது. பதின்மூன்றாவது நிமிஷம் அட்டைப்பெட்டிகளை எப்படி மடித்துக் கட்டுவது என்று தொடங்கினார். சுமாகோ தன் மைக் முன்னால், தன் வானொலியில் தனக்கே இடமில்லாமல், இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்த மோரியோ கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "இந்தா, இவரு பேச்சுல நல்லாத் தூக்கம் வருது. தினமும் வெச்சா என்ன?" என்றான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி படுக்கைக்குப் போய்விட்டான்.

பத்து இருபத்தொன்பதுக்கு, அட்டவணை போட்டவரின் ஒழுங்கோடு, அவர் சுவிட்சைக் கீழே தள்ளினார். பத்தரைக்குச் சுமாகோ நிறுத்தங்களைத் தொடங்கினாள். அவள் குரல் எதிர்க் கட்டடத்துச் சமையலறைக்குப் போய், அங்கிருந்து ஒன்பதாம் கட்டடத்துக்குப் போயிற்று. வாத்துக் குளத்தைத் தாண்டியதும் கதகுரா வீட்டு ஃபிரிஜ்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கியது. 'டர்ர்ர்' என்ற இரைச்சலில் மூன்று நிறுத்தம் அடிபட்டுப் போயிற்று. நிறுத்தி மறுபடி சொல்லலாமா என்று யோசித்தாள்; பேருந்து பின்னால் போகாதே என்று மேலே போனாள்.

பதினொரு மணிக்குக் கிகுயோ கூப்பிட்டாள்.

"பதினாலுல பதினொண்ணு தட்டினாரு, சுமாகோ சான். நடுவுல அந்த 'டர்ர்'னு வந்துச்சுல்ல, அப்ப வாய்க்குள்ள ஏதோ சொன்னாரு."

"பேசினாரா?"

"வார்த்தை வெளங்கல. ஆனா முப்பத்தோரு வருஷம் அந்த மனுஷன் முன்னாடி சைக்கிள்காரன் குறுக்க வந்தா என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். அது திட்டுதான்." கிகுயோ சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தொலைபேசியில் தெரியவில்லை.

சுமாகோ நேரே ஏழாம் கட்டடத்துக்குப் போனாள். பத்தரையிலிருந்து பத்தே நிமிஷம் ஃபிரிஜ்ஜை நிறுத்திவைத்தால் போதும் என்று கேட்டாள்.

"ஜூலை மாசம். தோஃபு கெட்டுப்போகும்" என்றார் கதகுரா.

"பத்து நிமிஷத்துல தோஃபு கெடாது தலைவரே."

"கெடாதுன்னு அளந்து பாத்திருக்கீங்களா?"

அதனால் அடுத்த ஞாயிறு அவள் அவருடைய சமையலறைத் தரையில் மண்டியிட்டு, ஃபிரிஜ்ஜின் பின்பக்கத் தூசிக்குள் கையை விட்டு, ஒயரில் காந்த வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டப்பாவைத் தூசி படாமல் இருக்கட்டும் என்று கதகுரா அழுத்தித் துடைத்துவைத்திருந்தார்; அதில் சுருளின் மெழுகு பெயர்ந்து, அலைவரிசை இரண்டு புள்ளி தள்ளிப்போயிருந்தது. குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். முதுகுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகம் புரளும் சத்தம் கேட்டது.

"போன வாரம் பதினாலு நிமிஷம் பேசினேன். எனக்குத் தெரிஞ்சு இருபத்தேழு வீட்டுல ரேடியோ இருக்கு அந்தக் கட்டடத்துல. யாராவது ஒருத்தராவது கேட்டதாச் சொன்னாங்களா?"

"ஒருத்தரு பால்கனியிலருந்து கத்தினாரு."

"என்னன்னு?"

சுமாகோ இன்னொரு குச்சியால் சுருளின் வளையங்களை ஒரு மயிரிழை விலக்கினாள். ரேடியோவில் 'உஸ்ஸ்' அடங்கி, ஆறாம் கட்டடத்துச் சமையலறையில் அவள் வைத்துவிட்டு வந்த கேசட் பாட்டு ஒரு நொடி தெளிவாக வந்தது, மறுபடி போயிற்று.

"இப்பப் பேசாதீங்க தலைவரே" என்றாள், பல்லிடுக்கில் குச்சியோடு. "நீங்க மூச்சு விட்டாலே நகருது."